ரூபியின் அட்டையில் எண் இல்லை

குவீன்ஸ்டவுன்,
14 அக்டோபர் 1984, ஞாயிறு

அன்புள்ள மச்சான் எட்மண்டுக்கு, உன் அக்காள் புருஷன் அருளானந்தம் எழுதிக்கொண்டது. ஆண்டவருக்குத் தோத்திரம். நீயும் சிராங்கூன் சாலையில் உன் அச்சகமும் சுகம் என்று நம்புகிறேன். என் உடம்பு இருக்கிறது. மனம் சுகமில்லை. அதற்குக் காரணம் உன் அச்சகம்தான் என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

நீ அச்சடித்துக் கொடுத்த ‘புனிதர் சீட்டு’ பங்குக் கோயிலில் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். போன இடமெல்லாம் புகார். விளையாட்டு உனக்கே தெரியும்: அட்டைக்கு ஒரு படம், கீழே விசுவாசம், பொறுமை, அற்புதம், வேதனை என்று நாலு வரி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் ஓர் எண், ஒரு பிள்ளை ஒரு வரியைச் சொன்னால், யார் அட்டையில் அந்த எண் பெரிதோ அந்தப் பிள்ளைக்கே எல்லா அட்டையும். ஞானோபதேச வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு வாரம் ஐந்து அட்டை போட்ட ஒரு பாக்கெட்; நாற்பதையும் சேர்க்க வேண்டுமானால் வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது. திட்டம் என்னுடையது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கதை தெரிந்த புனிதர்கள் இருபத்தாறோடு தீர்ந்துபோனார்கள். மீதிப் பதினாலுக்கு நோவாவின் பேழை, வேளாங்கண்ணிக் கொடிமரம், நம் கோயில் மணி, யோனாவை விழுங்கிய மீன் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டேன். மீனுக்கு வேதனை எட்டு கொடுத்தேன். மூன்று நாள் ஒரு தீர்க்கதரிசியை வயிற்றில் வைத்திருந்தால் யாருக்கும் வேதனைதான்.

ஃபாதர் லாசரஸ் கூப்பிட்டு, “என்ன அருளானந்தம், இது சீட்டுக்கட்டா, சந்தைக் கூடையா? எதைப் பத்தின விளையாட்டுங்க இது? ஏதாவது ஒண்ணைப் பிடிங்க,” என்றார். அதற்குள் பிள்ளைகளே ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். ஆளாளுக்கு வேதனையையே சொல்கிறார்கள், அதில்தான் ஜெயிக்க முடிகிறதாம். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஆனி, ஒன்பது வயது, சாப்பாட்டு மேசையில் இக்கான் பாக்கார் சுட்ட மீனைப் பார்த்து, “அம்மா, இதுக்கு வேதனை எத்தனை?” என்று கேட்டவள், அன்றிலிருந்து மீனே தொடுவதில்லை, அவள் அம்மா என்னைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்கு நிற்கிறாள். சரி, வேதனையை எடுத்துவிட்டு ஆடிப் பார்க்கச் சொன்னேன். புனிதர்களாயிற்றே, எல்லாருக்கும் விசுவாசம் பத்து, பொறுமை பத்து. இரண்டு மணி நேரம் ஆடியும் யாரும் ஜெயிக்கவில்லை. ஒரு பிள்ளை தூங்கிவிட்டது. ஃபாதரும் தூங்கிவிட்டார்.

ஆகவே முழுக்கத் திருத்திவிடலாம் என்று அட்டைகளையெல்லாம் திரும்ப வாங்கி மேசையில் கொட்டினேன். குவியலில் என் ரூபி. ஒரு ரூபி இல்லை, பதினோரு ரூபி. அவளுடைய முதல் வருஷப் பூசைக்கு என்று நீ அதே தாளில் அதே அளவில் அடித்துக் கொடுத்தாயே, அந்த நினைவு அட்டை. உன்னிடம் தாள் வெட்டுகிற மாணிக்கம் கலந்துவிட்டான், வேறென்ன? பிள்ளைகள் ஒரு மாதமாக உன் அக்காளை வைத்துச் சீட்டு விளையாடியிருக்கிறார்கள். ஆனியைப் பிடித்துக் கேட்டேன். “அந்த ஆன்ட்டி கார்டு யாருக்கும் வேணாம் லா, அங்கிள். நம்பரே இல்ல. பொறந்த டேட், செத்த டேட், அவ்ளோதான். ரெண்டு ஆன்ட்டி குடுத்தாதான் ஒரு மீன் குடுப்பாங்க,” என்றாள். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், மச்சான். அரை மீன்.

எனக்கு வந்த கோபத்தில் உடனே உட்கார்ந்து அவளுக்கும் எண் போடப் பார்த்தேன். விசுவாசம் ஒன்பது என்று எழுதினேன். பொறுமையில் கை நின்றுவிட்டது. போன வருஷம் ஜூன் மாதம் இந்தச் சீட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் குடி என்றேன். அத்தோடு விட்டேனா? உயிரோடு தோலுரித்தார்களே பர்த்தலமேயு, அவருக்கு வேதனை ஒன்பது போடவா பத்து போடவா என்று அவளையே கேட்டேன். “பத்தே போடுங்க,” என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஆகஸ்டில். அக்டோபரில் புதைத்தோம். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். எனக்கு அது பிடிபடவில்லை.

ஆகையால் இரண்டாம் பதிப்புக்கு என் முடிவைக் கேள். ஃபாதர் சொன்னபடி ஒன்றைப் பிடித்துவிட்டேன்: விசுவாசத்துக்காக உயிரைவிட்ட வேதசாட்சிகள் மட்டும். பேழை, கொடிமரம், மணி, மீன் எல்லாம் வெளியே. ரூபியும் வெளியே. உன்னிடம் அவளுடைய நினைவு அட்டை மிச்சம் இருந்தால் யார் கைக்கும் போகாமல் எரித்துவிடு. மாணிக்கத்தை நாளைக்கே வேலையிலிருந்து நிறுத்து. செத்தவர்களையும் புனிதர்களையும் பிரிக்கத் தெரியாதவன் கையில் கத்தி இருக்கக்கூடாது.

பிலோமினம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். தேவமாதா உங்கள் எல்லாரையும் கவனித்துக்கொள்ளட்டும். கவனிக்கிற வேலைக்கு நான் லாயக்கில்லாதவன்.

இப்படிக்கு,
அருளானந்தம்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். மாணிக்கம் எதையும் கலக்கவில்லை. அவனை ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. நான்தான் பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக அவளை உள்ளே வைத்து ஒட்டினேன். பெரியவர்களிடம் நினைவு அட்டை கொடுத்தால் ஜெபப் புத்தகத்துக்குள் செருகி மூடிவிடுகிறார்கள். பிள்ளைகள் என்றால் கையில் எடுப்பார்கள், பெயரைப் படிப்பார்கள் என்று நினைத்தேன். எரிக்காதே. நாலு வரியும் போட்டு அவளைச் சேர்த்தே அச்சடி. எண்களை நீ போடு, நீ அவள் தம்பி, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இனி ஒரு தடவையாவது யாராவது ரூபி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எட்மண்ட். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.