புல், பூண்டு, பாவக்கா

ஒரு மனிதர் வாயைத் திறந்தால் பக்கத்தில் டீ குடிப்பவன் இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்பான் என்றால், இந்த உலகத்தில் அது எங்கள் ஆபீஸ் பாவக்கா ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கள்ளக்குறிச்சியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது ரெக்கார்டு ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன் நான். பாகற்காயை எங்கள் பக்கம் பாவக்கா என்போம். அவர் வளர்த்ததும் அதுதான், பேசியதும் அதுதான்.

முதல் நாள் வணக்கம் சொன்னேன். என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா டைப்பு சார், கை பூவாட்டம் கீது? மண்ணையே தொட்டதில்லியா? சோறு மட்டும் துன்னத் தெரியும்."

அன்றிலிருந்து நான் டைப்பு சார்.

ஆபீசுக்குப் பின்னால் உடைந்த சாமான்கள் போடும் இடத்தை அவர் தோட்டமாக்கியிருந்தார். காம்பவுண்டு சுவரெல்லாம் பிரண்டை. தூதுவளை, முடக்கத்தான், மணத்தக்காளி, சுண்டை, கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த அவரை. எல்லாவற்றுக்கும் நடுவில் மிதிபாகல் பந்தல். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது காய், கசப்பு மட்டும் முழம் இருக்கும். இன்ஸ்பெக்ஷனில் ஒருமுறை மேனேஜர், "நாலு நாற்காலி கணக்குல வரலையே, எங்கய்யா?" என்று கேட்டார்.

"அவரை ஒக்காந்துகினு கீது சார்" என்றார் பாவக்கா.

போய்ப் பார்த்தால் நிஜம். நாற்காலிகளைத் தலைகீழாக நட்டு, கால்களில் கொடியை ஏற்றிவிட்டிருந்தார்.

மதியம் ரெக்கார்டு ரூம் வாசலில் ஸ்டவ் வைத்து, பறித்ததைச் சமைப்பார். வருகிறவனுக்கெல்லாம் ஒரு கரண்டி உண்டு, கூடவே ஒரு திட்டும் உண்டு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி போகிற சீமை இது. எங்கள் வீட்டில் பாகற்காய்க்குள் வெல்லத்தைத் தேட வேண்டாம், வெல்லத்துக்குள்தான் பாகற்காயைத் தேட வேண்டும். அதை ஒருநாள் டிபன் பாக்ஸில் கொண்டுபோய்விட்டேன். ஒரு வாய் தின்று துப்பினார்.

"கசப்புல வெல்லத்தப் போட்டு மறைக்கிறவன் வாயில நெசமே வராது சார்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

விதைகளை அவர் அரசாங்க நீளக் கவர்களில் போட்டு, கோப்பு மாதிரி எண் எழுதி, பீரோவில் அடுக்குவார். "ந.க. மூணு, மலை அவரை." "ந.க. ஏழு, மிதிபாகல்." ஆடிட்டுக்கு வந்தவர் ஒருமுறை ஏழாம் நம்பர் கோப்பைக் கேட்க, இவர் மரியாதையாக எடுத்துக் கொடுக்க, பிரித்தவர் மடியில் விதை கொட்டியது. ஆடிட்டர் கோபப்படுவதற்குள், "கீழ சிந்தாதீங்க சார், வூட்டுக்கு எடுத்துகினு போயி போடுங்க" என்று கவரை அவர் பையிலேயே திணித்துவிட்டார்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் விநியோகம் நடக்கும். தனக்கு விதைத்தது போக மிச்சத்தையெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிடுவார், ஒன்றுகூட வைத்துக்கொள்ள மாட்டார். "வெதையப் பூட்டி வெச்சா செத்துப்பூடும். நாலு வூட்ல இருந்தா, ஒரு வூட்ல போனாலும் இன்னொரு வூட்ல இருக்கும்." இதுதான் அவருடைய பேங்க் லாக்கர். அந்த லாக்கரின் லட்சணம் எனக்குத் தெரியும். முக்கால்வாசிக் கவர் டீக்கடை வாசலைத் தாண்டாது. என்னுடைய ந.க. ஏழு கவரை வீட்டில் எங்கோ வைத்தேன், எங்கே என்று மறந்துபோனேன்.

"மொளைச்சுதா டைப்பு சார்?"

"சூப்பரா மொளைச்சிடுச்சுண்ணா. கொடி மாடி ஏறிடுச்சு."

அப்போது அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல ஆபீசில் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். ஆனால் வந்தது. நான் பார்த்தேன்.

அந்தப் பங்குனியில் விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. மேனேஜர் பதறிப்போய் மெமோ போட்டார். டைப் அடித்தது நான். 'அலுவலக வளாகத்தில் வளர்ந்துள்ள புல் பூண்டுகளை உடனடியாக அகற்றுமாறு பணிக்கப்படுகிறது.'

மறுநாள் பாவக்கா எழுத்து மூலமாகப் பதில் கொடுத்தார். 'வளாகத்தில் தேடிப் பார்த்ததில் புல் இல்லை. பூண்டு நம் ஊர் வெயிலுக்கு வராது என்பதால் பயிரிடப்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஆபீசே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. பாவக்கா அவரிடம் நேரே போய் நின்றார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பத்து நாளு குடுங்க சார். பாவக்கா இன்னம் மஞ்சளாவல. பழுத்து வெடிக்கட்டும், வெதைய எடுத்துக்கறேன். அப்பால நானே புடுங்கிப் போடறேன். மலையிலயே இப்ப கம்பெனி வெதைதான் போட்டுகினு கீறாங்க. இத வுட்டா வேற கெடையாது சார்."

"அஞ்சு நாள்ல அவர் வர்றாருய்யா!" என்று அனுப்பிவிட்டு, மேனேஜர் என்னிடம் திரும்பினார். "தப்பிக்க முடியாதபடி எப்படிய்யா எழுதறது?"

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேட்டதும் வாயில் வந்துவிட்டது. "'செடி, கொடி, மரம் உள்ளிட்ட அனைத்துத் தாவரங்களையும்'னு போட்டுட்டா ஒரு ஓட்டையும் இருக்காது சார்."

மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இன்றைக்கும் வலிக்கிறது.

நாலு ஆட்கள் வந்தார்கள். அரை நாளில் முடிந்தது. உத்தரவில் மரம் என்றும் இருந்ததால், வாசலில் பூத்து நின்ற வேப்பமரத்தையும் சேர்த்து வெட்டினார்கள். பச்சைப் பாகற்காய்கள் குப்பை வண்டியில் போயின. முற்றாத காயில் விதை எடுத்து என்ன புண்ணியம்?

பெரிய அதிகாரி வந்தார். ஜீப்பை நிறுத்த நிழல் தேடினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இன்னாய்யா, ஆபீசா சுடுகாடா? ஒரு செடி கூட இல்ல?" என்று மேனேஜரைக் கிழித்தார். அடுத்த மாதம் பேனர் கட்டி, போட்டோ எடுத்து, வரிசையாகச் சீமைச் செடிகள் நட்டோம். வைகாசி வெயிலில் ஒன்றும் மிஞ்சவில்லை. பேனர் ஆறு மாதம் இருந்தது.

தோட்டம் போன மறுநாள் பாவக்கா என் மேஜைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"போவட்டும். உங்க வூட்ல மாடி ஏறிச்சே, அந்தக் கொடி, அதுல ரெண்டு பழம் குடுங்க சார். போதும்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் சொன்னேன், "ஆடு மேஞ்சிடுச்சுண்ணா."

கொஞ்ச நேரம் டைப்ரைட்டரையே பார்த்தார். "தமிழ் நல்லா எழுதறீங்க சார்" என்றார். அதற்குப் பிறகு, மறுவருடம் அவர் ரிட்டயர் ஆகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவும் இல்லை. அவர் திட்டாத ஒரே ஆள் அந்த ஆபீசில் நான்தான். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது.

ரெண்டு வருடம் கழித்து வீடு மாறும்போது, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தக் கவர் கிடைத்தது. 'ந.க. ஏழு, மிதிபாகல்.' ஒன்பது விதை. ஒன்பதையும் போட்டேன். பூப்போன்ற கையில் கொப்புளம் வந்தது. ஒன்றே ஒன்று முளைத்தது. அதற்கு நான் பார்த்த காவல் என் பிள்ளைகளுக்குக்கூடப் பார்த்ததில்லை என்று மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஒரு மஞ்சள் பையில் காயும், நன்றாகப் பழுத்த நாலு பழமும் எடுத்துக்கொண்டு களமருதூரில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

"ஆடு மேயலண்ணா. நான் போடவே இல்ல. மெமோவுல அந்த வார்த்தையும் நான் சொன்னதுதான்."

அவர் பையிலிருந்து ஒரு காயை எடுத்துப் பச்சையாகக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார்.

"கசப்பு கம்மி" என்றார். "தண்ணி ஜாஸ்தி ஊத்தற. அறிவு கீதாய்யா உனக்கு?"

ரெண்டு வருடம் கழித்து வாங்கிய திட்டு. அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ பங்குனி ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது பாகற்காய்க்கு வெல்லம் கிடையாது. கொடிக்குத் தண்ணீரும் அரைக் குவளைதான் ஊற்றுகிறேன்.