அம்மா தேர்ந்தெடுத்த நட்சத்திர அணி

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைச் சொன்னவருக்கு என் அம்மாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். எனக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறேன், டொக்டர் கோபப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் "உங்கள் வாக்குகளை அனுப்புங்கள்" என்று ஒரு பெண் சிரித்தால் போதும், ரிமோட்டைச் சுவரில் எறியலாமா என்று வருகிறது. (ஒருமுறை எறிந்தும் இருக்கிறேன். ரிமோட்டுக்குத்தான் நட்டம்.)

கதை இதுதான். ஜெர்மனியில் நாங்கள் இருந்த கெல்சென்கிர்ச்சனில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்து முடிந்த அடுத்த வருடம். அந்த ஊரில் குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே உதைபந்தாட்டக் கழகத்தில் பதிந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் பேஸ்போல் ஆடினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த கத்தோலிக்கத் தமிழன் அமெரிக்காக்காரனின் விளையாட்டை ஏன் ஆடினான் என்று கேட்கிறீர்களா? தொழிற்கல்லூரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யென்ஸ் இழுத்துக்கொண்டு போனான், நானும் போனேன். எங்கள் மைதானம் நெடுஞ்சாலையோரம் இருந்தது. பார்வையாளர் என்று பார்த்தால் விளையாடுபவர்களின் காதலிகளும் ஒரு நாயும்தான்.

யென்ஸ் எங்கள் அணியில் பந்து எறிபவன். அவன் எறிகிற பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் அதைப் பிடிப்பவன். மட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் பின்னால், கழிப்பறையில் குந்துவது போலக் குந்திக்கொண்டு, முகத்தில் இரும்புக்கூடு மாட்டிக்கொண்டு, வருகிற பந்தையெல்லாம் வாங்க வேண்டும். முழங்கால் தேய்ந்துபோகும். முகம் யாருக்கும் தெரியாது. என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பிராந்தியக் கழகங்களிலிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கி ஒரு நட்சத்திர அணி செய்வார்கள். அது பக்கத்துப் பிராந்தியத்தின் நட்சத்திர அணியோடு ஆடும். சிறந்தவர் யார் என்பதைத் தீர்மானிப்பது யார் தெரியுமா? சங்கத்தின் இணையதளத்துக்குள் போய்ப் பொத்தானை அமத்துகிற எவரும். பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவர்களும் அமத்தலாம்.

அதனால் இரண்டு வருடமாகப் பிடிப்பவன் இடத்துக்குப் பக்கத்து ஊர் தோர்ஸ்டன் தெரிவானான். தோர்ஸ்டன் என்ன செய்வான் என்றால், ஒவ்வொரு பந்துக்கும் பிறகு முகக்கூட்டைக் கழற்றித் தலைமயிரைக் கோதுவான். பொன்னிற மயிர். ஆட்டம் முடிந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இரண்டு அணிக்கும் சொசேஜ் சுட்டுக் கொடுப்பான். வாக்குப் போடுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? நான் எத்தனை பந்து பிடித்தேன், அவன் எத்தனை விட்டான் என்று எவராவது பார்த்தார்களா? நான் பார்த்தேன். (என்னுடையதைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன் என்று யென்ஸ் பின்னாளில் சொன்னான்.)

அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அரசியல்வாதி மாதிரி முழங்கினேன். திறமைக்கு இடமில்லை, முகத்துக்குத்தான் இடம், இது விளையாட்டா அழகிப் போட்டியா என்று கேட்டேன். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். தங்கச்சி டிலானி காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். அம்மா மட்டும் புட்டைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அகப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தினை வோட்டு எடுத்தவன் அந்தப் பெடியன்?"

"அம்மா, இது வோட்டு எடுக்கிற விஷயமில்லை. திறமையைப் பாத்துத்தான் எடுக்கவேணும்."

"அது சரி. எத்தினை எண்டு கேட்டனான்."

சொன்னேன். அம்மா சிரித்தார். எங்கள் பக்கத்துக் கலியாண வீடொன்றுக்கு வருகிற சனத்தில் கால்வாசியும் இல்லையே என்றார். அப்போதே நான் எழுந்து நின்று, "அம்மா, வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன்தான். ஆனால் பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பது போன்ற குரலில் சொன்னேன்.

எங்கள் சனத்துக்கு வோட்டு என்பது கொண்டாட்டத்துக்குப் போவது மாதிரி. நீ என் வீட்டு விசேஷத்துக்கு வந்தாய், நான் உன் வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன், அவ்வளவுதான். பிள்ளை நல்லாக ஆடுகிறதா என்று எவரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை நல்லவனா என்று விசாரித்துக்கொண்டா கலியாண வீட்டுச் சோறு சாப்பிடுகிறோம்? அடுத்த தமிழ்ப் பூசை முடிந்ததும் அம்மா மாதா கோவில் வாசலில் நின்றார். வாற கோடையில் என்ர மகனுக்கு ஒரு வோட்டுப் போடவேணும், உங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நாங்கள் குடும்பமாய் வந்தனாங்கள் எல்லோ என்று ஒவ்வொருவராகப் பிடித்தார். பிறகு தொலைபேசி. ரொறன்ரோவில் பெரியம்மா, லண்டனில் மாமா, ஒஸ்லோவில் அம்மாவோடு படித்தவர், பாரிசில் அவருடைய மச்சாள். வீட்டுக்கு வீடு இருந்த பெடியள், பெட்டையள் பெற்றோருக்கு ஈமெயில் முகவரி செய்துகொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஈமெயிலுக்கு ஒரு வோட்டு.

வாக்களிப்புத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. அது நடந்த நேரம் நான் வேலையில் இருந்தேன், டிலானி பிறகுதான் சொன்னாள். பிடிப்பவன் ஒருவனுக்கு மட்டும் வோட்டுப் போட்டால் இணையதளம் ஏற்றுக்கொள்ளவில்லை. எறிபவர் யார், ஒவ்வொரு மூலையிலும் நிற்பவர் யார் என்று எல்லா இடத்துக்கும் ஆள் தெரிவு செய்தால்தான் பொத்தான் வேலை செய்யும். ஊரெல்லாம் இருந்து தொலைபேசி அடித்தது. மற்றவைக்கு ஆரைப் போடுறது அக்கா என்று ஒரே கேள்வி.

அம்மா கொஞ்சம் யோசித்தாராம். பிறகு டிலானியிடம் சொன்னாராம்:

"மற்றவை ஆரெண்டு எங்களுக்குத் தெரியுமே? மேல இருக்கிற பேரை அமத்திவிடச் சொல்லு. பாவம், ஒருத்தருக்கும் அநியாயம் செய்யக்கூடாது."

பெயர்கள் ஜெர்மன் அகரவரிசையில் இருந்தன.

இந்த இடத்தில் யென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருட ஆட்டத்தைப் பார்க்க, நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடும் ஒரு கழகத்தின் பயிற்சியாளர் வருவதாக இருந்தது. எறிபவன் ஒருவனைத் தேடுகிறார் என்று பேச்சு. யென்ஸ் பகலில் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு, மாலையில் மதில் சுவருக்கு எறிந்து எறிந்து பழகினான். தோள் வலிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு, இந்த ஒரு ஆட்டம் போதும் யூட், அவர் என்னை ஒருமுறை பார்த்தால் போதும் என்று என்னிடம் சொல்வான். வழக்கமான வாக்குகள் அவனுக்குத்தான் விழும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனுடைய குடும்பப் பெயர் ஸிம்மர்மான். ஜெர்மன் எழுத்துகளில் ஆகக் கடைசி எழுத்தில் தொடங்குகிற பெயர்.

முடிவை வாசிப்பதற்குச் சங்கத் தலைவர் எங்கள் கழகக் கொட்டகைக்கே வந்தார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கனடாவிலிருந்து வாக்கு வந்திருக்கிறது, நோர்வேயிலிருந்து வந்திருக்கிறது, நமது விளையாட்டுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்றார். பிறகு பட்டியலை வாசித்தார்.

எறிபவர்: ஆக்கர்மான்.

ஆக்கர்மான் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். மனைவி தாய்வீட்டுக்குப் போகிற வாரங்களில் மட்டும் பொழுதுபோக்காக ஆட வருவார். அவருக்கே அதிர்ச்சி. அடுத்து ஆப்பல், அவர் காலில் மாவுக்கட்டு. அடுத்து ஆர்ன்ட், அவர் விளையாட்டை விட்டுவிட்டு ஸ்பெயின் தீவொன்றில் குடியேறிவிட்டார். இப்படியே போய், கடைசியில் பிடிப்பவர் என்று என் பெயர். எஸ் எழுத்தில் தொடங்கும் எங்கள் அப்பாவின் பெயர் அந்தப் பட்டியலில் தெருவில் விட்ட செருப்பு மாதிரிக் கிடந்தது. யென்ஸ் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவன். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் அம்மாவா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"திறமை, திறமை என்று வருடம் முழுக்கக் கத்தினாய்" என்றான். "இப்போது என்னுடையது எங்கே?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஜெர்மன்காரி துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ வந்திட்டாய் தானே, பிறகு ஏன் கத்துறாய் என்றார். பட்டியலை மாற்றச் சொல்லித் தலைவரிடம் போனேன். ஜனநாயகம் என்றார். நான் விலகுகிறேன் என்றேன். கனடா ரசிகர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். விலகினால் அம்மா ஊரில் தலைகாட்ட ஏலாது என்று அப்பா முதல் தடவையாகப் பேப்பரைக் கீழே வைத்துச் சொன்னார். ஆடினேன். ஆடாமல் காய்ச்சல் என்று படுத்திருக்கலாம் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆட்டத்தன்று தமிழ்ச்சனம் வான்களில் வந்து இறங்கியது. மடிக்கதிரை, இறைச்சி வைத்துப் பொரித்த ரோல்ஸ், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, கைக்குழந்தைகள். அந்த மைதானம் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. யென்ஸும் வந்திருந்தான், பார்வையாளனாக. அம்மா அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி ரோல்ஸ் கொடுத்தார். அவனும் வாங்கித் தின்றான்.

ஆக்கர்மானின் முதல் பந்து என் முழங்காலில் பட்டது. அடுத்தது தலைக்கு மேலால் போய் யாருடையவோ தேத்தண்ணியில் விழுந்தது. பிறகு தோள், நெஞ்சு, மீண்டும் அதே முழங்கால். ஒவ்வொரு முறை பந்து என் மேல் படும்போதும் எங்கள் சனம் எழுந்து நின்று கைதட்டியது. உடம்பில் வாங்குவதுதான் என் வேலை என்று நினைத்துவிட்டார்கள். எதிரணி சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி ஓடி ஓடி ஓட்டம் எடுத்தது. முதல்நிலைக் கழகத்துப் பயிற்சியாளர் கோப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து காரை நோக்கி நடந்தார். யென்ஸ் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தில் அம்மா, "தம்பி, தண்ணி குடிக்கிறியோ?" என்று கூப்பிட்டார்.

எனக்குள் எதுவோ அறுந்தது. முகக்கூட்டைக் கழற்றித் தரையில் அடித்தேன். வாழ்நாளில் வாயில் வராத தமிழெல்லாம் அன்று வந்தது. அம்மாவை இல்லை, வோட்டுப் போட்ட உலகம் முழுவதையும் ஏசினேன். நடுவருக்குத் தமிழ் தெரியாது. சனத்தின் பக்கம் திரும்பிய எனக்கு முன்னால் நின்றவர் அவர்தான். தன்னைத்தான் ஏசுகிறேன் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

இனி யார் பிடிப்பது? நட்புப் போட்டிதானே, யாராவது வரட்டும் என்றார்கள். சொசேஜ் அடுப்பில் நின்ற தோர்ஸ்டன் ஏப்ரனோடு ஓடிவந்தான். நான் சொல்லாமல் மறைத்துவிடலாம், ஆனால் டிலானி உயிரோடு இருக்கிறாள். நான் விட்ட அதே பந்துகளை, அதே ஆக்கர்மானின் கண்டபடி வந்த பந்துகளை, அந்தப் பெடியன் ஒன்று விடாமல் பிடித்தான். எங்கள் சனம் அவனுக்கும் கைதட்டியது. எனக்கு வோட்டுப் போட்ட ஒரு அக்கா, என் காது கேட்கவே, "இந்தப் பெடியன் வடிவாய்ப் பிடிக்கிறான் என்ன" என்றார்.

திரும்பும்போது காரில் நான் நிறுத்தாமல் கத்தினேன். யென்ஸின் வாழ்க்கை போச்சு, என் மானம் போச்சு, எல்லாம் உங்களால்தான் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ விளையாடி நான் இண்டைக்குத்தானே பாத்தனான். முந்தியே பாத்திருந்தால் ஒருத்தரிட்டையும் கேட்டிருக்கமாட்டன்."

அடுத்த வருடம் சங்கம் விதியை மாற்றியது. மக்கள் வாக்கு ஒழிந்தது, இனிக் கழகப் பயிற்சியாளர்கள் கூடித் திறமையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வார்கள். அதற்குச் சங்கத்தில் இன்றும் எங்கள் குடும்பப் பெயரைத்தான் சொல்கிறார்களாம், "செபமாலை விதி" என்று. நான் துள்ளிக் குதித்தேன். நான் கேட்ட நீதி, நான் அடிபட்டு வாங்கிக்கொடுத்த நீதி. பட்டியல் வந்தது. எறிபவர் யென்ஸ். அந்தப் பயிற்சியாளர் மறுபடியும் வந்து அவனைப் பார்த்தார், யென்ஸ் தெற்கே போய் நாலு வருடம் பெரிய லீக்கில் எறிந்தான். போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனான். என்னோடும் பேசினான், கொஞ்சமாக.

பிடிப்பவர் தோர்ஸ்டன். மேலதிக ஆட்டக்காரர் பட்டியலிலும் என் பெயர் இல்லை. என் சொந்தக் கழகப் பயிற்சியாளரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். நேரே போய்க் கேட்டேன். நீ நல்ல பையன், எல்லாருக்கும் உன்னைப் பிடிக்கும் என்று தோளில் தட்டினார். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

இப்போதும் வேலையிடத்தில் பதவி உயர்வு வேறு எவருக்காவது போய்விட்டால் நான் வீட்டுக்குள் கத்திக்கொண்டேதான் நுழைவேன். என் மனைவியும் டிலானியின் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் அடுத்தது தெரியும். குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்பார்:

"அவையள் அந்த ஆளைத் தெரிஞ்ச ஆளெண்டு எடுத்தவையோ, திறமையைப் பாத்து எடுத்தவையோ?"

"தெரிஞ்ச ஆளெண்டுதான்!"

"அப்ப பரவாயில்லை, வா சாப்பிடு. திறமையைப் பாத்து எடுத்திருந்தால்தான் கவலைப்படவேணும்."