பேசாத எருமையும் பாடுகிற காக்கைகளும்

கர்த்தருக்குள் அன்பான தங்கை லீலாபாய்க்கு,

உதியன்குளங்கரையிலிருந்து உன் மூத்த அண்ணன் சுவாமிதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் மைனியும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். அதுபோல மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அந்தச் சூட்டிலும் வாடாமல் இருக்க ஜெபிக்கிறோம். என்னுடைய பிரஷர் மட்டும் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் உன் மகன் வினீத். போனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளையையும் கேட்க வைப்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்படியே மகனுக்குத் தள்ளிவிடுவாய். ஆகவே வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்பும் விஜயதாஸ் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். நாடகம் சனிக்கிழமை. வாசித்த உடனே நீ மகனைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.

நான் வாட்டர் அதாரிட்டியிலிருந்து பென்ஷன் ஆனபிறகு ஒரு சிறுவர் கதை எழுதியது உனக்குத் தெரியும். ஒரு பத்திரிகையின் குழந்தைகள் பக்கத்தில் படத்தோடு வந்தது. நீகூட கட்டைவிரல் உயர்த்தி அனுப்பினாய். ஓர் எருமைக்குக் கண் மங்கல். போகிற வழியில் எல்லாவற்றிலும் முட்டுகிறது. இரக்கப்பட்ட ஒரு வாத்தியார் தம்முடைய பழைய கண்ணாடியை அதற்கு மாட்டிவிடுகிறார். அன்றைக்குத்தான் எருமை உலகத்தைப் பார்க்கிறது. அதோடு பால்காரன் பாலில் தண்ணீர் சேர்ப்பதையும் பார்க்கிறது. மறுநாள் முதல் கறக்க விடுவதில்லை. பால்காரன் திருந்துகிறான். இவ்வளவுதான் கதை. வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வாசித்து முடிக்கலாம்.

திருச்சூரில் நாடகம் படித்துவிட்டு வந்த வினீத் எங்கள் வீட்டில்தானே இருக்கிறான். நம்ம வாசகசாலை ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்யச் சொன்னார்கள். அவன் வந்து, "மாமா, உங்க எருமையை மியூசிக்கலா போடப் போறேன், கோட்டுகால் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல இருந்து ஆளு வருது, பிடிச்சுதுன்னா எனக்கு அங்க டிராமா மாஸ்டர் வேலை உண்டு" என்றான். எனக்குச் சந்தோசம்தான். நான் நினைத்தது இரண்டு பாட்டு, ஒரு கைதட்டல். அவன் சொன்னான், இதுக்கு ஒரு டீம் வேணும் மாமா என்று. அந்த டீம் ஒரு மாதமாக நம்ம முன்னறையில்தான் இருக்கிறது. உன் மைனி போட்ட சாயாவுக்கு அளவில்லை.

தமிழும் மலையாளமும் கலந்த எல்லை ஊர் அல்லவா, முதல் சண்டை பாஷையில் வந்தது. பாட்டு எழுதுகிற ஸ்மிதா டீச்சர் சொன்னாள், பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் எருமை முதலில் தமிழில் பேசட்டும், கண்ணாடி போட்டபிறகு மலையாளத்தில் பேசட்டும் என்று. நான் கேட்டேன், "அப்போ தமிழு பேசுறவனுக்குக் கண்ணு தெரியாதுன்னாக்கும் டீச்சர் சொல்லுது?" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் திருப்பிப் போட்டாள். அதற்கு மலையாளம் பேசுகிற வீட்டுக்காரர்கள் வந்து முறையிட்டார்கள். பிறகு வினீத் ஒரு வழி கண்டுபிடித்தான். எருமைக்குள்ளே இரண்டு பயல்கள் நிற்கிறார்கள் அல்லவா, முன்னங்கால் அனூஜ் தமிழில் பேசட்டும், பின்னங்கால் சிபி மலையாளத்தில் பேசட்டும் என்றான். மறுநாளே சிபியின் அம்மா வந்து வாசலில் நின்று, "எங்க பாஷை மட்டும் எதுக்கு வாலு வழியா வரணும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை பிள்ளே. கடைசியில் எருமை வாயே திறக்க வேண்டாம், அது நினைப்பதையெல்லாம் காக்கைகள் இரண்டு பாஷையிலும் பாடும் என்று முடிவாயிற்று. நான் எழுதின கதையில காக்காயே கெடையாது. இப்போ பதினொண்ணு உண்டு. எருமைக்கு ஒரு வரி கெடையாது, காக்காய்க்கு நாலு பாட்டு.

மியூசிக் போடுறது ஜெனில். நல்ல பையன்தான், ஆனா கல்யாண ரிசப்ஷனுக்குக் கீபோர்டு வாசிச்சு வாசிச்சு அவன் கையி அப்படி ஆயிப்போச்சு. எந்தப் பாட்டு போட்டாலும் பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வாறது மாதிரியே இருக்கும். எருமை மேடைக்கு வாற மியூசிக்கைக் கேட்டு முன்னறையில உட்காந்திருந்த உன் மைனி சேலையைச் சரி பண்ணிட்டு எழும்பி நிக்கா. ஜெனில்கிட்ட சொன்னேன், "மக்கா, எருமைக்குக் கல்யாணம் ஒண்ணும் இல்லடே." அவன் யோசிச்சுட்டு, "வச்சுக்கிடலாம் அண்ணா, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் டல்லு" என்கிறான்.

எருமை செய்யுறது பந்தல் போடுற பொன்னப்பன். மூங்கிலும் கறுப்பு டார்ப்பாலினும். கொள்ளாம், நல்ல லட்சணம். ஆனா அனூஜும் சிபியும் கிரிக்கெட்டுல சண்டை போட்டுட்டு வந்து உள்ள ஏறினானுவ. முன்னங்காலு போகுது, பின்னங்காலு போக மாட்டேன்னு நிக்குது, எருமை நடுவுல கிழிஞ்சுபோச்சு. பொன்னப்பன் அதைச் சேர்த்துப் பிடிச்சு ஒரு சிவப்புத் துணியால சுத்தித் தைச்சான். இப்போ பாத்தா எருமை ஆஸ்பத்திரியில இருந்து வந்தது மாதிரி இருக்கு. "அண்ணா பயப்படண்டாம், லைட் போட்டா தெரியாது" என்கிறான். லைட்டும் அவன்தான் போடுறான்.

இதுக்கெல்லாம் நான் ஒவ்வொண்ணா திருத்தம் சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்ல வேண்டாமா? நான் பெத்த கதையில்லையா? ஒருநாள் வினீத் என்னைத் தனியா கூட்டிட்டுப்போய், பைய, மரியாதையாத்தான் சொன்னான்: "மாமா, கதை அச்சான அன்னைக்கே எழுதினவரு இறந்துட்டாருன்னு நெனைச்சுக்கிட்டுதான் நாங்க வேலை செய்யணும். அப்படித்தான் கிளாசுல சொல்லித் தந்தது." நான் பிரஷர் குளிகையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். அடுக்களையில இருந்து உன் மைனி, "அடக்கம் எத்தனை மணிக்குன்னு கேளுங்க, மீன் வாங்கவா வேண்டாமான்னு தெரியணும்" என்கிறா. அவளும் அந்த டீமுல சேர்ந்தாச்சு. காக்கைகளுக்குச் சிறகு தைக்கிறது அவள்தான்.

அதையும் பொறுத்தேன். ஆனா முந்தாநாள் ஃபிளக்ஸ் வந்தது. இயக்கம் வினீத், இசை ஜெனில், பாடல் ஸ்மிதா டீச்சர், எருமை பொன்னப்பன். பந்தலுக்குக் கயிறு தந்தவன் பேருகூட உண்டு. கதைன்னு போட்ட இடத்துல என்ன தெரியுமா? "நாட்டுப்புறக் கதை."

லீலா, என் பேரு ஒரேயொரு தடவை அச்சுல வந்தது இந்தக் கதைக்காக்கும். அதுக்கு முன்னால வந்ததெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆர்டருல. நான் கேட்டேன், "எலே, நான் நாட்டுப்புறமாடே?" அவன் சொன்னான், "அது பெருமை மாமா. ஒருத்தர் எழுதினதுன்னு சொன்னா அவருக்க கதை. நாட்டுப்புறம்னா எல்லாருக்கும் சொந்தம்." பிள்ளைகள் நிக்கிறதையும் பாக்காம நான் சத்தம் போட்டேன். என் எருமையைத் திருப்பித் தா, நாடகமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன். பதினொண்ணு காக்காயும் சிறகை மடக்கிட்டு நிக்குது. அதுல ஆர்யான்னு ஒரு பொடிசு, அதுக்கு ஒரேயொரு "கா" தான் உண்டு, அது அழத் தொடங்கிட்டு. வினீத் செருப்பை மாட்டிட்டு இறங்கிப் போனான். ராத்திரி சாப்பாட்டுக்கு வரல. நேத்தும் வரல. ஜெனில் வீட்டுல இருக்கானாம். உன் மைனி அவனுக்கு எடுத்துவச்ச மீன் பொரிச்சதை எனக்கு வைக்காம மூடி வச்சிருக்கா.

அவனுக்க வேலைக்காரியம் இதுல இருக்குன்னு எனக்குத் தெரியும். மாமன் ஒண்ணும் ராட்சசன் இல்ல. ஆனா என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நீ அம்மைன்ற முறையில கண்டிச்சுச் சொல்லணும்: ஒண்ணு, மாமனுக்க பேரைப் போடு, இல்லைன்னா நாடகத்தை நிறுத்து. ரெண்டுல ஒண்ணு நடக்காம எனக்கு உறக்கம் வராது.

மற்றபடி ஊரில் விசேஷம் இல்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உங்கள் கையின் பிரயாசத்தை வாய்க்கச் செய்வாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த அண்ணன்,
சுவாமிதாஸ்

பின்குறிப்பு: விஜயதாஸின் பயணம் திங்கட்கிழமைக்கு மாறிவிட்டது. இன்று ஞாயிறு. ஆகவே மேலே எழுதியதை நீ கண்டுகொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை உன் மகன் தானாகவே வந்தான். பெயிண்டும் பிரஷும் எடுத்து, ஃபிளக்ஸில் அந்த இடத்தை அழித்து, "கதை: சுவாமிதாஸ்" என்று வாசகசாலையின் பெயரைவிடப் பெரிதாக எழுதினான். உன் மைனி மூடி வைத்திருந்த மீனை நான் எடுத்து வைத்தேன். சாப்பிட்டான்.

நாடகம் நேற்று நடந்தது. பின்னங்கால் ஒரு நிமிசம் பிந்தித்தான் மேடைக்கு வந்தது, அதுக்குத்தான் பெரிய சிரிப்பு. "பாலுக்குள்ள கிணறு இருக்கு, கிணத்துக்குள்ள பாலு உண்டா" என்று காக்கைகள் இரண்டு பாஷையிலும் பாடினபோது ஜனம் எல்லாம் கூடவே பாடிச்சு. ஆர்யா தன்னுடைய "கா"வை நாலு இடத்தில் போட்டாள். சொல்ல வெட்கமில்லை, நான் அழுதேன். கோட்டுகால் ஸ்கூலில் உன் மகனுக்கு வேலை உறுதி. அடுத்த மாதம் அங்கேயும் இதே நாடகம்.

பால் கொண்டுவருகிற எலியா முதல் வரிசையில் இருந்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. முடிந்ததும் அவன் எழும்பி, இது யாரு எழுதினது என்று கேட்டான். உன் மகன் என்னைக் கட்டிப்பிடித்து, மைக்கில் சொன்னான். இன்றைக்குக் காலையில் பால் வரவில்லை. போன் செய்தால், "அவ்வளவு பெரிய எழுத்தாளர் வீட்டுக்குப் பால் ஊத்த எனக்குத் தகுதி இல்ல அண்ணே" என்கிறான். அவன் தம்பிதான் சாயாக்கடைக்கும் ஊற்றுகிறான், அங்கேயும் எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயாதான். உன் மைனி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கோட்டுகாலிலும் எலியாவுக்குப் பால் ஊற்றுகிற சொந்தக்காரர்கள் உண்டாம்.

ஆகவே லீலா, இந்தக் கடிதம் கிடைத்ததும் மகனைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்: அது நாட்டுப்புறக் கதைதான். யாராவது ஒருவர் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தால் உன் பெயரைப் போடட்டும். உனக்கு அங்கே டப்பாப் பால்தானே.