மதிப்பீட்டாளருக்கு ஒரு டீ

பஸ் போய்விட்டது. கோபாலகிருஷ்ணனின் பையும் புது ஷூவும் அதிலேயே போய்விட்டன.

மாமல்லபுரத்தில் ஐந்து நிமிஷம் நிற்கும் என்று கண்டக்டர் சொன்னதை நம்பித்தான் கழிப்பறைக்குப் போனார். கோவளத்தில் ஏறியதிலிருந்து ஷூ கடித்துக்கொண்டே வந்ததால் அதைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தார். ஜேப்படிக்குப் பயந்து பர்ஸையும் செல்போனையும் பைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி மட்டும் பத்திரமாக அவரிடம் இருந்தது.

செங்கல்பட்டில் அவருக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. தெருவில் வாழ்கிற யாராவது நிலைகுலைந்து கத்தினால், கல்லெறிந்தால், போலீஸுக்குப் பதிலாக லத்தியில்லாத இரண்டு பேர் போய்ப் பேசி அமைதிப்படுத்துவது என்று ஒரு திட்டம். 'துணை' என்று பெயர். 2003-லிருந்து செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் நடந்துவந்தது. அது தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்யப் போவது கோபாலகிருஷ்ணனின் அறிக்கைதான். அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பாதுகாப்புத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். அறிக்கையின் கடைசி வரியை நேற்றே மனசுக்குள் எழுதிவிட்டிருந்தார். லத்தி இல்லை, சீருடை இல்லை, ஒரு விசில்கூட இல்லை. காவல் நிலையத்திடமே ஒப்படைத்துவிடலாம்.

"ஏய், நிறுத்து! நிறுத்துப்பா!" என்று பஸ்ஸின் பின்னால் ஓடினார். வெயில் உள்ளங்காலைச் சுட்டது. சுடாத இடமாகப் பார்த்துக் காலை வைத்தார். அது மீன்காரி கூடையிலிருந்து வடிந்த தண்ணீர். வழுக்கி அதிலேயே உட்கார்ந்தார்.

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று மீன்காரி கத்தினாள்.

பேண்ட்டைக் கழுவலாம் என்று குழாயடிக்குப் போனார். திருகியதும் குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீச்சியடித்ததில் தலை முதல் கால் வரை நனைந்தார். சட்டையைப் பிழிந்து கம்பியில் காயப்போட்டுத் திரும்புவதற்குள் ஓர் ஆடு வந்து அதன் வலது கையை மெல்ல ஆரம்பித்திருந்தது. பனியனோடு ஆட்டைத் துரத்தினார். ஆடு சட்டையோடு நிலையத்தைச் சுற்றிவந்தது. அவரும் சுற்றிவந்தார்.

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. மூச்சு வாங்க நின்று, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு கல்லூரி மாணவனிடம் கேட்டார். "தம்பி, போன் பண்ண ஒரு ரூபா காயின் இருந்தா குடு. நான் ஒரு ஆபீசர்."

அவன் மேலும் கீழும் பார்த்தான். மீன் வாடைக்கு ஒரு அடி பின்வாங்கினான்.

"போன வாரம் ஒருத்தர் கலெக்டர்னாரு. அவருக்கே நான் ஒண்ணும் குடுக்கல."

"யாரைப் பார்த்து என்ன பேசற? நான் கையெழுத்துப் போடாம ஒரு வால்வு திறக்காதுடா! ஒரு வால்வு!"

தன் குரல்தானா இது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. கூட்டம் கூடிவிட்டது.

"போலீஸக் கூப்புடுப்பா," என்றார் வெளியூர்க்காரர் ஒருவர்.

"போலீஸா?" டீக்கடை மோசஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "அது உங்க ஊர்ல அண்ணாத்த. இங்க நாங்க லத்தி இல்லாமத்தான் பாத்துக்கினு கீறோம்." ரிசீவரை எடுத்து எண்களை அழுத்தினான்.

கோபாலகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்திச் சொன்னார். "வரட்டும்! நல்லா வரட்டும்! அவங்களை மதிப்பிடத்தான் நான் வந்திருக்கேன்!"

"ஐயோ பாவம்," என்றாள் மீன்காரி, இப்போது வேறு குரலில்.

மோசஸ் ரிசீவரை வைப்பதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். துவைத்த லுங்கியும் படியச் சீவிய தலையுமாக ஓர் ஆள். கூடவே நைலக்ஸ் புடவையில் ஒரு பெண். கிட்டே வரவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்கள். நின்றுகொண்டிருந்த அவருக்கு, தான் மட்டும் நிற்பது என்னவோ போலிருந்தது. உட்கார்ந்தார்.

"நெழலுக்கு வாங்க நைனா. நான் தேசப்பன். இது வச்சலா."

"நான் கோபாலகிருஷ்ணன். உங்க திட்டத்தை மதிப்பீடு செய்ய வந்திருக்கிற அதிகாரி."

"சரி நைனா."

"என்ன சரி? நம்பறீங்களா, இல்லையா?"

"ஆபீசருதான். யாரு இல்லன்னது?" என்றாள் வச்சலா. "ஒரு டீ குடிச்சுட்டு ஆபீசரா இருங்க."

"எனக்குத் தெரியும்! மறுத்துப் பேசக் கூடாதுன்னு உங்க கையேட்டுல போட்டிருக்கு. அதைத்தானே என்கிட்டயே செய்யறீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வச்சலா," என்று தணிந்த குரலில் சொன்னான் தேசப்பன், "பன்னும் சேத்து வாங்கிக்க."

கோபாலகிருஷ்ணன் விடவில்லை. திட்டத்தை நடத்துகிற அறக்கட்டளையின் தலைவர் பெயரைச் சொன்னார். கையேட்டின் பொருளடக்கத்தை ஒப்பித்தார். ஒவ்வொன்றுக்கும் தேசப்பன் மரியாதையாகத் தலையாட்டினான். அவர் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் உச்சுக் கொட்டும் சத்தம் கூடிக்கொண்டே போனது.

கடைசியில் களைத்துப்போய், தணிக்கை பார்க்கிற பழக்கத்தில் கேட்டார். "அது எப்படி உடனே வந்தீங்க?"

"இங்கதானே இருந்தோம்."

"ராத்திரியில கூப்பிட்டா?"

"ராத்திரியும் இங்கதான் நைனா. எங்க போவப் போறோம்?"

இப்படி ஒரு அர்ப்பணிப்பை அவர் தன் பழைய அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

வச்சலா டீயும் பன்னும் கொண்டுவந்தாள். "நாஸ்தா துன்னீங்களா?"

டீயை வாங்கிக்கொண்டார். சாப்பிடவில்லை. நேற்று ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பிரபாவதி, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகன் அபிஷேக் வீட்டுக்கு பெங்களூர் போனதிலிருந்து, இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

தேசப்பன் எதுவும் பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். காஞ்சிபுரம் பஸ் வந்தது, ஆட்களை இறக்கியது, ஏற்றியது, போனது. கோபாலகிருஷ்ணன் இருந்த எந்த அலுவலகக் கூட்டத்திலும் இவ்வளவு நேரம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்ததில்லை. அவர் வீட்டிலும் பேச்சில்லாமல்தான் நாட்கள் போயின. ஆனால் அந்த மௌனத்தில் அவர் மட்டும் இருந்தார். இதில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான்.

"வீட்டுல பேசறதுக்கு ஆள் இல்லப்பா," என்றார். "அதனாலதான் இந்த வேலையே ஒத்துக்கிட்டேன்."

"ம்," என்றான் தேசப்பன். கொஞ்ச நேரம் கழித்து, "அது பேஜாருதான்," என்றான்.

அவ்வளவுதான். கோபாலகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பனியனால் கண்ணைத் துடைத்தார். கூட்டம் தானாகக் கலைந்தது. தேசப்பன் பன்னில் பாதியைப் பிய்த்துத் தானும் தின்றான். கூடச் சாப்பிட்டு நம்பிக்கை ஏற்படுத்தும் முறை என்று அவர் மனசுக்குள் குறித்துக்கொண்டார். அருமையான முறை.

வச்சலா ஆட்டிடமிருந்து சட்டையை மீட்டு வந்தாள். வலது கை முழங்கைவரைதான் மிஞ்சியிருந்தது.

"ஒரு பக்கம் அரைக்கைன்னு நெனச்சுக்குங்க."

அவர் சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடியே சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"வசுமதி அம்மா செய்யறதப் பாத்துதான்," என்றாள் வச்சலா.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண்மணி அவருடைய பையோடும், ஓர் இளைஞன் அவருடைய ஷூவோடும் இறங்கி ஓடிவந்தார்கள்.

"கோபாலகிருஷ்ணன் சார்தானே? நான் வசுமதி, 'துணை' பொறுப்பாளர். பையில ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து கண்டக்டர் அதை எங்க ஆபீசுக்கே கொண்டுவந்து குடுத்தார். உங்களைத் தேடி வர்ற வழியிலதான் மோசஸ் போன் வந்தது. அது நீங்கதான்னு தெரியாது சார். ரொம்ப லேட்டாயிடுச்சு. மன்னிச்சுடுங்க."

"ஐய, மெய்யாலுமே ஆபீசரா!" என்றாள் மீன்காரி.

"நான்தான் அப்பவே சொன்னனே," என்றாள் வச்சலா.

கோபாலகிருஷ்ணன் எழுந்தார். ஒன்றரைக் கைச் சட்டையும் ஈரப் பேண்ட்டுமாக இருந்தாலும், அறிக்கை வாசிக்கிறவரின் கம்பீரம் வந்துவிட்டது.

"மன்னிப்பா? எதுக்கும்மா? போனை வைக்கறதுக்குள்ள உங்க ஆட்கள் என் முன்னால உட்கார்ந்திருந்தாங்க. நேத்து வரைக்கும் இதை மூடிடலாம்னுதான் எழுத நினைச்சிருந்தேன். இப்பச் சொல்றேன், இது நடக்கணும். கோவளம், மதுராந்தகம்னு எல்லா ஊருக்கும் போகணும். முழு மதிப்பெண் போடறேன். உங்க ஸ்டாஃப் இந்த ரெண்டு பேருக்கும் சம்பளத்தைக் கூட்டச் சொல்லியும் எழுதறேன்."

வசுமதி தேசப்பனைப் பார்த்தாள். வச்சலாவைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கும்போது நிற்கிற தாய் மாதிரி நின்றாள்.

கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த மோசஸ்தான் நிமிர்ந்து சொன்னான்:

"ஸ்டாஃபுங்க இப்பத்தான் ஆட்டோவ வுட்டு எறங்குறாங்க சார்; இவங்க ரெண்டு பேருக்கும் வூடே இந்த பஸ் ஸ்டாண்டுதான்."