கேதீஸ்வரன் எண்ணெய் போட்ட பட்டன்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளை முதல் என் தேநீரில் சீனி விழாமல் போகட்டும். மிச்சமிருக்கிற பல்லெல்லாம் பாண் கடிக்கும்போது கழன்று போகட்டும். எழுபத்தைந்தாம் ஆண்டு, சிட்னியில் நடந்தது.

ஸ்ட்ராத்ஃபீல்டில் கேதீஸ்வரன் என்றொரு எஞ்சினியர். அவரிடம் ஒரு கமரா. கமரா யாரிடம்தான் இல்லை? இவருடையது கடலுக்குள் போகும். அதற்கென்று ஒரு கூடு: பிள்ளைத்தாச்சிப் பூனையின் கனம், முன்னால் கண்ணாடி, மேலே ஒரு பட்டன். பட்டனை அமத்தினால் உள்ளேயிருக்கும் கமரா படம் பிடிக்கும். கையை எடுத்தால் பட்டன் மேலே வரவேண்டும். வராது. கடலுப்பு ஏறி, போன இடத்திலேயே குடியிருந்துவிடும்.

அந்தக் காலத்தில் நாங்கள் சிட்னித் தமிழர் எல்லோரும் ஒரே வீட்டு ஹோலுக்குள் அடங்குவோம். சனிக்கிழமை மாலையில் யாராவது சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஸ்லைட் காட்டுவார்கள். போன தடவை விக்னராஜா காட்டினார். ஸ்லைட் தட்டு முழுவதும் செம்மறி ஆடு. அதற்கே கைதட்டல்! பொறுக்குமா கேதீஸ்வரனுக்கு? கதிரையில் ஏறி நின்று அறிவித்தார்: "அடுத்த முறை என்ர வீட்டில. கடலின்ர அடியைக் காட்டுறன். குளோவெலிக் கடலில இருக்கிற அந்தப் பெரிய நீல மீனைக் காட்டுறன். காட்டாட்டி நான் இனிக் கமராவையே தொடமாட்டன்!"

சொல்லியாயிற்று. இனி மானம் முழுவதும் ஒரு பட்டனின் கீழ்.

"இஞ்சாருங்கோ, அதை இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறப் போடுங்கோ. உப்புத்தானே, கரையும்" என்றாள் மனைவி யோகராணி.

"யோகா, இது எஞ்சினியரிங். ரசமில்லை."

"ரசத்திலயும் உப்புக் கரையத்தான் செய்யுது."

"நீர் இதில கை வைக்காதையும். சொல்லிப்போட்டன்."

"ஓம்" என்றாள் யோகராணி. அந்த 'ஓம்' கொஞ்சம் கட்டையாக இருந்ததை மனுசன் கவனிக்கவில்லை.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் அவளுடைய தேங்காயெண்ணெய்ப் போத்தல் நின்றது. கேதீஸ்வரனின் தலை துடைத்த பளிங்கு. அந்தப் போத்தலோடு அவருக்கு வருடக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் இல்லை. பட்டனின் தண்டிலும் ரப்பர் வளையத்திலும் தாராளமாக ஊற்றினார். பட்டன் ஆர்மோனியக் கட்டை மாதிரித் துள்ளியது. "பாத்தீரோ!" என்றார்.

யூலை மாதம், சிட்னியில் நடுக்குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை. குளோவெலித் தண்ணீர் சுறாவும் கம்பளிச் சட்டை கேட்கிற குளிர். யோகராணி ஃபிளாஸ்க்கோடு பாறையில் இருக்க, கேதீஸ்வரன் உள்ளே இறங்கினார். இறங்கியதும் அந்த மீன் வந்தது. ஆள் நீளம், வானத்தை அரைத்துப் பூசிய நீலம். நேரே முன்னால் நின்று, ஸ்டூடியோவில் நிற்பதுபோல் முகத்தைச் சாய்த்துக் காட்டியது.

அமத்தினார். பட்டன் அசையவில்லை. கட்டைவிரலால் அமத்தினார். முழங்காலில் வைத்து அமத்தினார். தாடையால் அமத்தினார். மீன் பொறுமையாக மற்றக் கன்னத்தையும் காட்டிப் பார்த்தது. பிறகு, 'உமக்கும் எனக்கும் சரிவராது' என்பதுபோல் வாலை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

"எத்தினை படம்?" என்றாள் பாறையிலிருந்தவள்.

"முழு ரோலும்!"

"மீன்?"

"ஐயோ, என்ன போஸ் தெரியுமோ!"

மனுசனின் மூளை வேலை செய்தது. வெற்று ரோலைக் கழுவக் கொடுப்பது. படம் வராவிட்டால் பழியைக் கடைக்காரனின் தலையில் போடுவது. "யோகா, ரோலைக் கழட்டிக் கடையில குடுத்துவிடும்."

"இப்ப கை வைக்கலாமோ?"

"ரோலில மட்டும்."

"ஓம்."

ஸ்லைட் காட்டும் சனிக்கிழமை வந்தது. ஹோல் நிறையச் சனம். கடைக்காரனைத் திட்ட வாயைத் திறந்து வைத்திருந்த கேதீஸ்வரன், யோகராணி தட்டில் அடுக்கி வைத்திருந்த ஸ்லைட்டுகளில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். நீல மீன்! அடுத்ததிலும் நீல மீன்! 'விரல் விறைத்திருக்கிறது; அமத்தினது எனக்கே தெரியவில்லை' என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டார்.

விளக்கை அணைத்தார்கள். ஐயா, அதை எப்படிச் சொல்வேன்! சுவர் திறந்து கடல் உள்ளே வந்துவிட்டது. பாசி ஆடியது. வெயில் தண்ணீருக்குள் கயிறு கயிறாக இறங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் செருப்பு நனையாமல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மீன் திரும்பிப் பார்த்தபோது விக்னராஜா எழுந்து இடம் விட்டார்.

"இது ஆகலும் ஆழத்தில எடுத்தனான்" என்றார் கேதீஸ்வரன். "இதுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு பாறைக்குக் கீழ கிடந்தனான்."

கடைசி ஸ்லைட் விழுந்தது. கடலடியில், நீச்சலுடையில், நீளப் பின்னல் மேலே மிதக்க, நீல மீனின் தாடையைத் தடவிக்கொண்டு நின்றாள் யோகராணி.

"கேதீஸ், இதுவும் நீர்தான் எடுத்ததோ?" என்றார் விக்னராஜா.

இல்லை என்றால் எல்லாமே போச்சு. "ஓம்... நான்தான். நீந்தப் பழக்கினதும் நான்தான்."

"அண்ணை, எங்களுக்கும் பழக்குங்கோ!" என்று பின்வரிசையிலிருந்த நாகேஸ்வரி கத்த, பெண்கள் முழுப்பேரும் எழும்பிவிட்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்கோ" என்றாள் யோகராணி. "இனி ஞாயிறுகளில கமரா என்னோடதான் வரும். இவர்தானே பழக்கிவிட்டவர், மறுக்கமாட்டார். என்னங்கோ?"

சனம் போனதும் குசினிக்குள் நுழைந்தார். "எப்ப எடுத்தனீர்?"

"நீங்கள் ரோலைக் கழட்டச் சொன்ன கிழமை, செவ்வாய்க்கிழமை. கடைசிப் படம் மட்டும் பக்கத்து வீட்டுக் கிரேக்க மனிசி எடுத்தவ."

"நீச்சல்?"

"நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு அவவோட கூஜிக் கடற்கரைக்குப் போவன். அங்க பெண்களுக்கெண்டு கடற்குளம் இருக்கு."

"பட்டன்?"

"ரோலைக் கழட்டப் பாத்தா, கமராவில எத்தினை படமெண்டு காட்டுற இலக்கம் ஒண்டிலயே நிக்குது. தண்டில எண்ணெய் மெழுகுதிரி மாதிரி உறைஞ்சுபோய்க் கிடக்கு. குளிருக்குத் தேங்காயெண்ணெய் கட்டியாகும் எண்டு தலைமயிர் உள்ள ஆருக்கும் தெரியும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணியில ஊறவைச்சு, அமத்தி அமத்தி விட்டன். பிறகு டைவிங் கடையில விக்கிற கிரீஸில ஒரு பொட்டு."

கல்யாணம் கட்டியதிலிருந்து மனைவியைக் கேதீஸ்வரன் அப்படி வாய்பிளந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரம் கடலிலிருந்து பெண்கள் திரும்பி வந்து ஹோலில் தேநீர் குடிப்பார்கள். கேதீஸ்வரன் குசினித் தொட்டியில், இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டு, கூட்டின் பட்டனை அமத்தி விடுவார், அமத்தி விடுவார். ஹோலிலிருந்து குரல் வரும்:

"இஞ்சாருங்கோ, பட்டன் முடிஞ்சா அந்தச் சட்டியளையும் ஒருக்காக் கழுவி விடுங்கோ!"

உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கேதீஸுக்குத் தெரிந்தால், சட்டி துடைக்க என்னையும் கூப்பிடுவார்.