ஓனர் சாருக்கு ஒன்பது போளி

பள்ளிக்கூடத்தில் பாடத்தைக் கவனிக்காமல் கெட்டுப்போனவர்கள் உண்டு. நான் ஒரே ஒரு நாள் கவனித்ததால் கெட்டவன். அன்றைக்குத் தமிழ் ஐயா, "சால என்றால் மிகுதி" என்றார். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் நிற்காமல் கூடவே வந்தது.

வேலை கிடைத்து அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்குக் குடிவந்த முதல் வருஷம் அது. அலிபிரி பக்கம் கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் ஓனர் சார். எனக்குத் தெலுங்கு தெரியாது (தெரிந்த மாதிரி தலையாட்டத் தெரியும். பிள்ளைகளே, நீங்கள் அதைச் செய்யாதீர்கள்). பாகாலாவில் இருக்கும் தன் தங்கை மகனுக்கு எங்கள் வீட்டை ஓனர் சார் கொடுக்கப் போகிறார் என்று பால்காரர் காதில் போட்டார். கைக்குழந்தையோடு இன்னொரு வீடு தேட எங்களுக்குத் தெம்பில்லை.

"உகாதிக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்க. வயிறு நிறைஞ்சா மனசு இளகும்," என்றாள் என் மனைவி கௌரி.

உகாதியன்று வேப்பம்பூப் பச்சடி, புளியோதரை, வடை, போளி. ஓனரம்மா நகரிக்காரர், தமிழ் பேசுவார். ஆனால் மாடியில் விருந்தாளிகள் இருந்ததால், சார் மட்டும் முதலில் வந்தார். அவருக்குத் தெலுங்கு மட்டும்தான்.

இரண்டு போளி வைத்தேன். மூன்றாவதை எடுத்தபோது, "சாலு," என்றார்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது. சால, மிகுதி. மனுஷன் நிறையக் கேட்கிறார். வைத்து, நெய்யும் ஊற்றினேன்.

"சாலு, சாலு."

இரண்டு முறை சொன்னதால் இரண்டு வைத்தேன். இலையில் மீதி வைத்தால் பாவம் என்று நினைப்பவர் அவர். அது எனக்கு அப்போது தெரியாது.

சமையலறைக்கு ஓடினேன். "கௌரி, சாருக்கு நம்ம போளி புடிச்சுப்போச்சு. சாலுங்கறாரு."

"அப்படின்னா?"

"மிகுதி. படிச்சவன் சொல்றேன், எடு."

"இனிமே நமக்குன்னு வச்சதுதான் இருக்குது."

"அதையும் கொடு."

சார் இரண்டு கையாலும் இலையை மறைத்திருந்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து, கையை மெல்ல நகர்த்திவிட்டு வைத்தேன். இந்த முறை நான்கு தடவை சொன்னார். நான்கும் வைத்தேன்.

ஓனரம்மா வந்தபோது சார் சுவரில் சாய்ந்து, கண் மேலே செருகி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா பண்ணிக்கினு இருக்கிற?"

"சார்தாம்மா சாலு சாலுன்னு கேட்டுக்கினே இருந்தாரு."

"சாலுன்னா போதும்னு அர்த்தம்பா. சாலான்னாதான் நிறைய."

ஒரு எழுத்துக்கு ஒன்பது போளி. தமிழ் ஐயா இதைச் சொல்லித் தரவில்லை.

சார் தெலுங்கில் ஏதோ முனகினார். ஓனரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "வூட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்தாராம். வாயத் தொறக்கறப்பல்லாம் நீ போளி போட்டியாம்."

போளித் தட்டைக் கீழே வைத்தேன். "இப்பச் சொல்லச் சொல்லுங்கம்மா," என்றேன்.

ஓனரம்மா அவரிடம் கேட்டார். சார் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் அசைத்தார்.

"ஒம்போது போளி துன்ன வூட்ல எப்டி சொல்றதுன்னு கேக்குறாரு. மொதல்ல அவர மாடி ஏத்தி வுடு."

நானும் கௌரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பதினெட்டுப் படி ஏற்றினோம். தங்கை மகன் பாகாலாவிலேயே இருந்துவிட்டார். நாங்கள் இன்னும் அதே கீழ் வீட்டில்தான் இருக்கிறோம்.

ஒவ்வொரு உகாதிக்கும் ஓனர் சார் சாப்பிட வருகிறார். இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே ஒரு சொல். இலை போடுவதற்கு முன்பே, "போதும்," என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

என் பிள்ளைகள் இன்னொரு போளி வேண்டுமென்றால் தட்டை நீட்டி, "சாலு, நைனா," என்பார்கள். பேசாமல் போட்டுவிடுவேன். திருப்பதி முழுக்க அதற்குப் போதும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மட்டும் மிகுதி.