ஹூடாக் தாத்தா வீட்டில் பதினான்கு பேர்

எடிசன், நியூ ஜெர்சி
2001 ஜூலை 8, ஞாயிறு, காலை 10 மணி 40 நிமிடம். வீட்டில் குடியிருப்போர் ஆறு பேர். வாடகை ஒப்பந்தப்படி இரண்டு பேர்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, வெள்ளியங்கிரி வணங்கி எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் கட்டுக்குள் இருக்க மருதமலையானை வேண்டுகிறேன்.

உங்கள் பேங்க் மேனேஜர் மகன் இனியன் 21ஆம் தேதி வந்து இறங்குகிறான், "நம்ம பையன், ஒரு மாசம் கூட வெச்சுக்கோ" என்று எழுதியிருந்தீர்கள். முடியாது. முதலில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக ஷட்டரை இழுக்கும் இந்த வருடம் அமெரிக்கா வருவது, படம் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது டிக்கெட் எடுப்பது மாதிரி. நானே ஏப்ரலிலிருந்து பெஞ்ச்சில் இருக்கிறேன். கன்சல்டன்சிக்காரன் ஏட்டில் எனக்கு வேலை இருக்கிறது, நிஜத்தில் இல்லை. இரண்டாவது, 31ஆம் தேதிக்குள் எங்களில் நான்கு பேர் வெளியேற வேண்டும் என்று வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் பெயர் பால் ஹூடாக், எழுபத்தொரு வயது, குடியிருப்பது பக்கத்து வீட்டில். ஆறு பேர் இருப்பதை எட்டு மாதம் அவரிடம் மறைத்தோம். ஒரே மாதிரி கறுப்பு ஜாக்கெட் வாங்கினோம். எங்கள் முகங்களுக்குள் வித்தியாசம் பார்க்கும் சிரமத்தை அவர் எடுத்துக்கொண்டதே இல்லை, அது பெரிய வசதி. ஆனால் செருப்போடு வீட்டுக்குள் நுழைய ஒருவனுக்கும் மனசு வரவில்லை, மாமா. மே மாதம் ஒரு நாள் கிழவர் வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிவிட்டுக் கத்தினார் (அவர் இங்கிலீஷை நம் பாஷையில் தருகிறேன்): "கருப்பசாமி! ரெண்டு பேருக்கு எப்படிய்யா பன்னெண்டு காலு?" பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விழுந்துவிட்டதால் இந்த நாட்டில் என்னைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பாவைத்தான் திட்டுகிறார்கள். நோட்டீஸோடு ஒரு பிரசங்கம் வேறு: அவர் தாத்தா யான் 1903இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தாராம், வந்த நாள் முதல் ஒரு வீடு ஒரு குடும்பமாம், எங்களைப் போல மந்தையாக இல்லையாம். பிரசங்கம் முடிந்ததும் குரல் இறங்கியது. ஜூலை நாலாம் தேதி சொந்தமெல்லாம் கூடுகிறது, தாத்தா வந்த கதையை வம்சப் படமாக மாட்ட வேண்டும், நீ கம்ப்யூட்டர் படித்தவன்தானே? "செஞ்சா நோட்டீஸ் வாபஸா?" என்றேன். "பார்க்கலாம்" என்றார். நம்மூர் ஆபீஸ்களில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தும் இறங்கினேன்.

மைக்ரோஃபிலிமில் அவர் தாத்தா ஊர் சர்ச் பதிவேடு கிடைத்தது. எல்லாம் "ஹூடாக் யான்", "ஹூடாக் மிஹால்" என்றே இருந்தது. முன்னால் நிற்பது இனிஷியல், அதாவது அப்பா பெயர் என்று நம் வழக்கப்படி எடுத்துக்கொண்டு பதினோரு நாள் புரோகிராம் எழுதினேன். ஹூடாக் என்ற ஒரே ஆளுக்கு நூற்றறுபது வருடத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் என்று படம் வந்தது. கிழவர் பார்த்துவிட்டு, "என் முப்பாட்டன் மனுஷனா, முயலா?" என்றார். அங்கே குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்களாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? பிறகு அந்த ஊர்ப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதி மீதியை வாங்கினேன். கப்பல் பட்டியல் இன்டர்நெட்டில் கிடைத்தது. ஒரே கிராமத்திலிருந்து இருபத்து மூன்று பேர். யாரிடம் போகிறாய் என்ற கேள்விக்கு இருபத்து மூன்று பேரும் ஒரே மச்சான் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வேலை ஏற்பாடாகியிருக்கிறதா என்றதற்கு எல்லோருமே இல்லை. முன்கூட்டியே வேலை பேசி வருகிறவனை அந்தக் காலச் சட்டம் உள்ளே விடாது. ஆனால் ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஏற்கெனவே ஆலையில் பேசி வைத்திருந்தான். அவர்கள் வேலையை வைத்துக்கொண்டு இல்லை என்றார்கள், நாங்கள் இல்லாத வேலைக்குக் காகிதம் காட்டி வந்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாலாம் தேதி அவர் வீட்டுத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஹூடாக்குகள், படம் மாட்ட வந்த சாக்கில் ஓரமாக நாங்கள். கிழவர் எழுந்து அதே ஒரு வீடு ஒரு குடும்பத்தை ஆரம்பித்தார், எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே. எனக்குப் பொறுக்கவில்லை. படத்துக்காகத் தேடும்போது கிடைத்த 1910ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கை எடுத்து உரக்கப் படித்தேன்: தலைவர் யான், மனைவி அன்னா, பிள்ளைகள் இரண்டு, கூடத் தங்கியிருப்போர் பதினான்கு. அவருடைய அக்கா மார்கரெட் கைதட்டிச் சிரித்தார். "ஆமா பாலு, மில்லுல ஷிஃப்ட் மாத்தி மாத்திப் படுப்பாங்களாம், கட்டில் சூடே ஆறாதாம். அம்மா சொல்வாளே, நீ எங்கே காது குடுத்தே?" கிழவர் முகம் பீட்ரூட். "அது வேற. அவங்க உழைக்க வந்தவங்க." என் ரூம்மேட் ஷாரிக், காயல்பட்டினத்துக்காரன், தட்டில் உருளைக்கிழங்கோடு என் காதில்: "அப்ப நாம என்ன டே, பிக்னிக்குக்கா வந்தோம்?" நான் அதை இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நான்கு நாளாகக் கிழவர் பேசவில்லை. நோட்டீஸ் அப்படியே நிற்கிறது, ஆறு பேரும் சீட்டு எழுதிக் குலுக்கும் நிலையில் இருக்கிறோம். ஆகவே இனியன் வேண்டாம். வேறு நம்ம பையன் யாரும் வேண்டாம்.

அத்தைக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம். மேனேஜருக்கு வருத்தம்.

வெள்ளியங்கிரி

பி.கு. மணி 11.55. கவரை ஒட்டும்போது கிழவர் வந்து நோட்டீஸைக் கிழித்துப் போட்டார். நான்கு நாளும் அந்தக் கணக்குத் தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தாராம். "தாத்தாவுக்கு பாத்ரூமே கிடையாது, பதினாலு பேரை வெச்சிருந்தார். உங்களுக்கு ரெண்டு பாத்ரூம், ஆறு பேருக்கே அழறீங்க" என்கிறார். அந்தக் கிராமத்திலிருந்து இரண்டு ஹூடாக் பையன்கள் வேலை தேடி 25ஆம் தேதி வருகிறார்களாம்; எங்கள் ஹாலில்தான் தங்குவார்களாம். பாதிரியாருக்கு இவர் முகவரியைக் கொடுத்தது நான். ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அவர்களுக்கு முன்னால் ஹாலில் இடம் பிடிக்க இனியன் உடனே வரட்டும். நான் செய்யப்போவது:

1. இன்றே ஜன்னலோரம் ஒரு பாயை விரித்து, ஆள் இருப்பதாகச் சொல்லி வைப்பேன்.
2. டிக்கெட்டை ஒரு வாரம் முன்னால் மாற்றச் சொல்லி இனியனுக்கு மெயில் அனுப்புவேன்.
3. பாதிரியாருக்கு இனி பதில் எழுத மாட்டேன். நேற்று வந்த கடிதத்தில் மூன்றாவதாக ஒரு நல்ல பையனைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார். நடை அப்படியே உங்களுடையது.